பண்டாரவளை வீடும் பூட்டிய அறையும்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வசிக்கும் வாசகி ஒருவர் நாலு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். வயது 58, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா மலையகத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில், 1974இல், பண்டாரவளையில் 22 பேர்ச்சஸ் காணி வாங்கி மூன்று அறையும் விறாந்தையுமாக ஒரு வீடு கட்டினார். காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், அப்பாவின் பெயரில் மட்டுமே. 2008இல் எதுவும் எழுதிவைக்காமல் அவர் காலமானார். அம்மாவுக்கு இப்போது 82. பிள்ளைகள் நாலு பேர். அண்ணன் கனடாவில், அந்த நாட்டுப் பிரஜை. அடுத்தவர் இவர். தங்கச்சி கல்முனையில், தம்பி கொழும்பில்.

அனலான கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அம்மாவால் மட்டக்களப்பில் இருக்க முடிவதில்லை. அதனால் ஏப்ரல் லீவுக்கும், பிறகு ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் முடியும் வரைக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு மகள் மலைக்குப் போய்விடுவார். பின்னாலேயே சொந்தங்கள் வரும். தங்கச்சி குடும்பம், தம்பி குடும்பம், அண்ணன் வந்தால் அவருடைய கூட்டாளிமார், தங்கச்சியின் கணவரோடு வேலை செய்பவர்கள். "நான் ஓய்வெடுக்கப் போகிறேன் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே போய் நான் செய்வது சமையல், போர்வை துவைப்பது, தண்ணீர்த் தாங்கியை எட்டி எட்டிப் பார்ப்பது" என்று எழுதியிருக்கிறார். போன ஆகஸ்டில் ஒரே நேரத்தில் 17 பேர். குளியலறை ஒன்று. மூன்றாம் நாள் தண்ணீர் முடிந்துவிட்டது. அவர்கள் போன பிறகு அப்பாவின் அறையைப் பூட்டி, திறப்பைக் கையோடு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த மாதம் தங்கச்சி சொல்லாமல் போய்ப் பார்த்து, பூட்டைக் கண்டு, போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இது உன்ட வீடா?" அன்று தொடங்கி இருவருக்கும் பேச்சு இல்லை. வரும் ஏப்ரலில் அண்ணன் வருகிறார்.

அவருடைய கேள்விகள் இவை. பதினாறு வருடத்துக்கு மேலாகப் பராமரித்து, சோலைவரியும் கரண்ட் பில்லும் தன் பெயரில் கட்டி வருவதால் வீடு நீண்டகால ஆட்சியால், அதாவது வைத்திருந்து அனுபவித்ததால், தனக்குச் சொந்தமாகிவிட்டதா? எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தானே? வெளிநாட்டுப் பிரஜையான அண்ணனுக்குப் பங்கு இருக்கிறதா? அம்மா தன் பங்கை இவருக்கே எழுதித் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா? தங்கச்சியின் மகன் ஆகஸ்டில் வீட்டை இணையத்தில் போட்டு வாடகைக்கு விடப் பார்க்கிறான், அதைத் தடுக்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பூட்டின கதை அல்ல. ஐஸ் பெட்டியில் மீனும், தயிர் முட்டியும், காத்தான்குடிப் பாயும் ஏற்றிக்கொண்டு செங்கலடியால் ஏறி, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று வளைந்து வளைந்து போகும் அந்தப் பயணத்தை எழுதியிருக்கிறீர்களே, அதுதான். லுணுகலையில் வான் கண்ணாடியை இறக்கியதும் அம்மா மூச்சை இழுத்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டை நீங்கள் வெறுக்கவில்லை, அங்கே வருபவர்களையும் வெறுக்கவில்லை. களைத்துப்போயிருக்கிறீர்கள். களைப்புக்கு ஒரு பரிகாரம் தேடும்போது சொத்துச் சட்டம் கையில் அகப்பட்டிருக்கிறது. சட்டத்தில் உங்களுக்குச் சாதகமானவை இருக்கின்றன. ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. அதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இன்று அந்த வீடு யாருடையது?

அப்பா மரண சாசனம் எழுதவில்லை, உறுதி அவர் பெயரில் மட்டும். எனவே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அதாவது திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, பாதி அம்மாவுக்கு. மற்றப் பாதி பிள்ளைகள் நாலு பேருக்கும் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். அம்மாவுக்கு 1/2, உங்கள் ஒவ்வொருவருக்கும் 1/8. "அம்மா இருக்கும்வரை இருக்கலாம், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. அம்மாவுக்கு இருப்பது வெறும் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, அல்ல. அந்த வீட்டின் மிகப் பெரிய சொந்தக்காரி அவர்தான்.

வீடு பெண்பிள்ளைக்கு என்பது நம் கரையில் எவ்வளவு ஆழமான வழக்கம் என்று எனக்குத் தெரியும். மகளுக்கு ஒரு வீடு கட்டாமல் தகப்பன் நிம்மதியாகத் தூங்கமாட்டார். ஒரு காலத்தில் மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்று தாய்வழிச் சொத்துரிமைச் சட்டமே இருந்தது. மேலே சொன்ன 1876ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததோடு அதற்கு நீதிமன்றத்தில் இடமில்லாமல் போயிற்று. இன்று மகளுக்கு வீடு போவது அப்பா அம்மா சீதனமாக உறுதி எழுதிக் கொடுப்பதால்தான். எழுதாவிட்டால் வழக்கம் மட்டும் உரிமை தராது. உங்களுக்குக் கல்லடி வீடும் தங்கச்சிக்குக் கல்முனை வீடும் அப்படி எழுதப்பட்டவை என்று நீங்களே சொல்கிறீர்கள். மலைவீடு எழுதப்படாமல் நின்றுவிட்டது.

யாரோ தேசவழமை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது வட மாகாணத் தமிழருக்கான சட்டம், மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. "கண்டிப் பகுதிக் காணி, ஆகவே கண்டியச் சட்டம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் சரியல்ல. அது கண்டியச் சிங்களவரின் ஆட்சட்டம், அதாவது ஆளைப் பொறுத்து வரும் சட்டம். காணி எந்த மலையில் இருக்கிறது என்பதை வைத்து அது உங்கள்மேல் வராது.

அண்ணன் விஷயம் சுருக்கமானது. வேறு நாட்டுப் பிரஜை ஆனதால் வழியுரிமையாக வந்த பங்கு போகாது. காணிகளை வெளிநாட்டவருக்குக் கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம்கூட, நெருங்கிய உறவினரிடமிருந்து வழியுரிமையாகவோ நன்கொடையாகவோ மரண சாசனத்தாலோ வருவதற்கு விலக்குத் தருகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாளைக்கு நீங்களோ தம்பியோ உங்கள் பங்கை அண்ணனுக்கு விலைக்கு விற்க நினைத்தால், அவர் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காதவரை அந்தச் சட்டம் குறுக்கே நிற்கும்.

பதினாறு வருடத்தால் சொந்தமாகுமா?

ஆகாது. இதை மென்மையாகச் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பாதி இந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

பத்து வருட ஆட்சி என்று நாம் சொல்வது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து வருவது. காணியைப் பத்து வருடம் இடையூறில்லாமல் வைத்திருந்தால் போதாது. உண்மையான சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராக வைத்திருக்க வேண்டும். கூடப்பிறந்தவர்கள் பங்குக்காரராக இருக்கும் காணியில் ஒருவர் இருப்பது எல்லோருக்காகவும் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1911இல் கொரெயா எதிர் அப்புஹாமி வழக்கில் அன்றைய மிக உயர்ந்த மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இதைத் தீர்க்கமாகச் சொன்னது. இன்றுவரை நம் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. மற்றவர்களை வெளியே தள்ளி, "இனி இது என்னுடையது" என்று அவர்கள் அறிய நடந்துகொண்ட நாளிலிருந்துதான் பத்து வருடம் எண்ணத் தொடங்கும். நீங்களோ வருடம் இரண்டு தடவை எல்லோரையும் கூப்பிட்டு, புட்டவித்து, படுக்கை விரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். 17 பேருக்கு விருந்து வைத்தவர் எதிர்ப்பாக ஆட்சி செய்தார் என்று எந்த நீதிபதியும் எழுதமாட்டார். எழுதாமல் இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

சோலைவரிப் பதிவில் பெயரை மாற்றியதும், கரண்ட் பில் உங்கள் பெயரில் வருவதும் நீங்கள் பணம் கட்டினீர்கள் என்பதற்குச் சாட்சி. சொந்தத்துக்குச் சாட்சி அல்ல. அந்த ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள், அவற்றுக்கு வேறொரு பயன் இருக்கிறது.

பூட்டு

அறையைப் பூட்டியதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. அப்பாவின் மேசையில் சின்னப் பிள்ளைகள் ஐஸ்கிறீம் கோப்பை வைத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் சட்டப்படி ஒரு பங்குக்காரர் இன்னொரு பங்குக்காரரை வீட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் தன்னிச்சையாக விலக்கக் கூடாது. எட்டில் ஒரு பங்கு என்பது வீட்டின் எட்டில் ஒரு துண்டு அல்ல. ஒவ்வொரு ஓட்டிலும் ஒவ்வொரு கல்லிலும் எட்டில் ஒன்று. தங்கச்சிக்கு அந்த அறைக்குள் போக உரிமை உண்டு. நியாயமான அளவில் தன் விருந்தாளியைக் கூட்டிவரவும் உரிமை உண்டு. அந்த "நியாயமான அளவு" என்ற இடத்தில்தான் உங்கள் பக்கம் பலமாகிறது. மற்றப் பங்குக்காரர் இருக்க முடியாதபடி வீட்டை நிரப்பவும், 82 வயது அம்மா குளியலறைக்கு வரிசையில் நிற்கும்படி செய்யவும் எந்தப் பங்குக்காரருக்கும் உரிமை இல்லை.

பூட்டு விஷயம் பெரிதானால் எங்கே போய் முடியும் என்பதையும் சொல்லவேண்டும். சண்டை வந்து யாராவது பொலிசுக்குப் போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அது ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகும். முறைப்பாடு நீதிமன்றத்துக்குப் போகும் நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை உள்ளே விடும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். அக்காவும் தங்கச்சியும் முதலாம் தரப்பு, இரண்டாம் தரப்பு என்று கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் உங்கள் இருவரையும் பார்க்க விரும்பவில்லை. அறையைத் திறந்துவிடுங்கள். அப்பாவின் புத்தகங்களையும் மேசையையும் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

செலவழித்த பணம்

இதுதான் சட்டம் உங்களோடு நிற்கும் இடம். கூரை மாற்றியது, ஒழுகிய சுவரைக் கட்டியது, சோலைவரி, காவல் பார்க்கும் குடும்பத்துக்குக் கொடுத்தது எல்லாம் வீட்டைக் காப்பாற்ற அவசியமான செலவுகள். அவற்றில் மற்றவர்களின் பங்கு வீதத்தை அவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டால் குறைவாக நினைப்பார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். பழைய செலவுகளைப் பணமாகக் கோருவதற்குக் கால எல்லை இருக்கிறது, இப்படியான கோரிக்கைகள் பலவற்றுக்கு அது 3 வருடம். அதற்கு முந்தியவை வீணாகிவிட்டன என்று பொருள் அல்ல. என்றாவது வீடு பிரிக்கப்பட்டாலோ விற்கப்பட்டாலோ, உங்கள் செலவால் வீட்டின் பெறுமதி கூடிய அளவுக்கு நட்டஈடு கோரலாம். அந்த நாளுக்காகத்தான் ரசீதுகளை வைத்திருங்கள் என்றேன். வருட வாரியாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆசிரியைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் சமையலுக்கும் துவைப்புக்கும் சட்டம் விலை போடாது. அது எனக்கும் வருத்தமான விஷயம். நம் குடும்பங்களில் மூத்த பெண்பிள்ளையின் உழைப்பு மழைத்தண்ணீர் மாதிரி, தானாக வருகிறது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். அதை நீதிமன்றம் சரிசெய்யாது, நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் சரியாகும்.

பிரித்துவிடலாமா?

"பிரிச்சுத் தந்தால் நிம்மதி" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பங்குக்காரரும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 22 பேர்ச்சஸில் எட்டில் ஒன்று 2.75 பேர்ச்சஸ். நடுவில் வீடு, பின்னால் சரிவு. அந்தத் துண்டில் கோழிக்கூடு கட்டலாம், வீடு கட்ட முடியாது. பிரிக்க முடியாத காணியை விற்றுப் பணத்தைப் பங்கிடும்படிதான் நீதிமன்றம் சொல்லக்கூடும். அதற்கும் வருடங்கள் போகும். நான் ஆஜரான ஒரு வழக்கில் நாலு சகோதரர்கள் ஒரு வீட்டுக்காக வழக்காடினார்கள். முடிவு வந்தபோது அந்த வீட்டை ஆசைப்பட்ட தாய் உயிரோடு இல்லை, ஓடும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு இன்னும் எத்தனை ஆகஸ்ட் இருக்கிறதோ, அவற்றை வழக்கில் செலவழிக்க வேண்டாம்.

அம்மாவின் பாதி

அம்மா தன் பங்கை யாருக்கும் கொடுக்கலாம். மற்றப் பிள்ளைகளின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. வழி இரண்டு.

நன்கொடை உறுதி: நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதவேண்டும், நீங்கள் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட வேண்டும், காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். அம்மா தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதாவிட்டால் அன்றைக்கே அந்த வீட்டில் அவர் உங்கள் விருந்தாளி ஆகிவிடுவார். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். திருப்பி எடுக்க முடியாதது என்று எழுதிய நன்கொடையைப் பிறகு நீக்குவது கடினம். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பாரதூரமான நன்றிகேட்டை நிரூபித்து நீதிமன்றம் மூலம்தான் அதைச் செய்யலாம்.

மரண சாசனம்: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். அம்மா தெளிவோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம்.

எந்த வழியானாலும், 82 வயதில் எழுதும்போது அன்றைய நாள் வைத்தியரிடம் மனத்தெளிவுக்கு ஒரு சான்றிதழ் வாங்குவது புத்தி. பயன் பெறப்போகும் நீங்கள் அந்த நேரம் அறையில் இருக்காமல் வெளியே இருங்கள். சட்டத்தரணியை அம்மாவே பேசிப் பிடிக்கட்டும்.

இப்போது என் அபிப்பிராயம். நன்கொடை வாங்கினால் உங்களிடம் 5/8 இருக்கும். ஒன்றும் எழுதாமல் விட்டால் அம்மாவின் காலத்துக்குப் பின் அவருடைய பாதி நாலு பேருக்கும் போய், ஆளுக்குக் கால் பங்காகும். வித்தியாசம் பெரிது, ஆசை வருவதில் பிழையில்லை. ஆனால் 5/8 இருந்தாலும் மற்ற மூன்று பேரின் 3/8 அங்கேயே இருக்கும், அவர்கள் வரும் உரிமையும் அங்கேயே இருக்கும். தண்ணீர்த் தாங்கியை எட்டிப் பார்ப்பவர் அப்போதும் நீங்கள்தான். அதுவும் பூட்டுச் சண்டை நடந்து ஒரு வருடம் ஆகுமுன், ஒருவருக்கும் தெரியாமல் உறுதி எழுதினால், தங்கச்சியின் கேள்விக்கு நீங்கள் "ஓம்" என்று பதில் சொன்னதாக ஆகிவிடும். இந்த வருடம் வாங்காதீர்கள். உங்கள் உழைப்புக்காகத் தன் பங்கில் கூடுதலாகத் தர அம்மா விரும்பினால், அண்ணன் வந்திருக்கும்போது எல்லோர் முன்னிலும் அதை அவர் வாயாலேயே சொல்லட்டும். அதன் பிறகு எழுதும் உறுதிக்கு இருக்கும் பலம் வேறு.

வாடகையும் புதிய அறைகளும்

பெறாமகன் தன் தாயின் 1/8 பங்கை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் இணையத்தில் போட முடியாது. மற்றப் பங்குக்காரரின் சம்மதம் வேண்டும், வருமானத்தில் எல்லோருக்கும் பங்கு வேண்டும். பணத்துக்கு ஆட்களைத் தங்கவைப்பதென்றால் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவும் தேவை. ஆனால் அவனைத் திட்டி அனுப்பாதீர்கள். நீங்கள் எல்லோரும் மலைக்கு வராத மாதங்களில் வீடு சும்மா கிடக்கிறது. முறைப்படி செய்தால் கூரைச் செலவுக்கு அந்தப் பணம் உதவும். ஆகஸ்ட் வேண்டாம், மற்ற மாதங்களைப் பேசலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

அண்ணன் காசு தந்து, பின்சரிவை வெட்டி இரண்டு அறை கட்டச் சொல்கிறார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரி எனக்குப் பயம் தந்தது. பண்டாரவளை இருக்கும் பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை, அது உங்கள் வீட்டிலிருந்து வெகு தூரமும் இல்லை. அங்கே கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும், மாநகர சபை அனுமதி வேண்டும், பங்குக்காரர் எல்லோருடைய எழுத்துச் சம்மதமும் வேண்டும். சரிவை வெட்டுவதற்கு முன்னால் அந்த அறிக்கை. அண்ணன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்குள்ளே இன்னொரு குளியலறையும், மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய தாங்கியும் வைத்தாலே உங்கள் ஆகஸ்ட் பாதி இலேசாகிவிடும். இங்கே நமக்கு அனலாக வரும் கச்சான், மலைவீடு இருக்கும் ஊவாப் பக்கத்தில் அதே மாதங்களில் வறண்ட குளிர்காற்றாக வீசுகிறது. அதனால்தான் கூட்டம் கூடும் நேரத்திலேயே அங்கே தண்ணீரும் குறைகிறது. இது யாருடைய குற்றமும் அல்ல, முன்கூட்டியே யோசிக்க வேண்டியது.

வீட்டுக்கு ஒரு எழுத்து

நான் உங்களுக்குச் சொல்லும் வழி இதுதான்: அம்மா இருக்கும்போதே ஐந்து பங்குக்காரரும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை எழுதுங்கள். எங்கள் ஆட்களுக்கு இது கொஞ்சம் கூச்சம். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். எழுத்து இல்லாததால்தான் பூட்டு வந்தது. அதில் குறைந்தது இவை இருக்கட்டும்.

எந்தக் கிழமை யாருக்கு: ஏப்ரலையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களையும் கிழமைகளாகப் பிரியுங்கள். எல்லோரும் ஒன்றாக இருக்க விரும்பும் நாட்களைத் தனியாகக் குறியுங்கள், சித்திரை வருடப்பிறப்பு மாதிரி. ஒரு நேரத்தில் வீட்டில் தூங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று ஓர் எண்ணைப் போடுங்கள். நான் பத்துக்கு மேல் போடமாட்டேன். வெளிக் கூட்டாளிகளைக் கூட்டிவருபவர் முன்கூட்டியே சொல்லவும், தன் கிழமையிலேயே கூட்டிவரவும் வேண்டும்.

பணம்: கூட்டுக் கணக்கு ஒன்று. நிலையான செலவு பங்கு வீதப்படி, தங்கும் நாட்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனியாக. காவல் பார்ப்பவரின் சம்பளமும் இதிலிருந்து, மாதம் தவறாமல்.

வேலை: தன் கிழமையில் சமையலும் துப்புரவும் வந்தவர் பொறுப்பு. நீங்கள் அங்கே இருந்தாலும் அப்படியே. இந்த வரியை நீங்களே எழுதச் சொல்லிக் கேளுங்கள், வேறு யாருக்கும் நினைவு வராது.

அம்மாவின் அறையும் அப்பாவின் அறையும்: அம்மாவின் அறையும் குளியலறை நேரமும் அவருக்கு முதலில். அப்பாவின் புத்தகங்களும் மேசையும் பூட்டக்கூடிய ஓர் அலுமாரிக்கும் ஒரு மூலைக்கும் போகட்டும், திறப்பு இரண்டு, ஒன்று தங்கச்சியிடம்.

விற்க நினைத்தால்: வெளியாருக்குப் போகுமுன் கூடப்பிறந்தவர்களிடம் முதலில் கேட்கவேண்டும். காணியில் உரிமை தரும் இந்த மாதிரிப் பகுதி 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும். ஆகவே முழுவதையும் நொத்தாரிசு முன் எழுதிவிடுவது நல்லது.

அண்ணன் திரும்பிப் போவதற்குள் கையொப்பமிட முடியாவிட்டால், அங்குள்ள நம் தூதரகம் வழியாக அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் ஒருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பலாம், அதை இங்கே பதியவேண்டும். அப்பாவின் சொத்துக்கு மரணசாசன வழக்கு (சாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கும் வழக்கின் பெயர் இதுதான்) இதுவரை நடக்கவில்லை என்று தெரிகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் அதையும் தொடங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில் பங்குகள் சிதறி, யாருக்கு யார் என்றே தெரியாமல் போகும்.

ஏப்ரலுக்கு முன் செய்ய வேண்டியது மூன்று. 1974ஆம் ஆண்டு உறுதியின் பிரதியையும், காணிப் பதிவகத்தில் தோம்பையும், அதாவது அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியையும், எடுங்கள். செலவுக் கொப்பியை முடியுங்கள். மூன்றாவது, கல்முனைக்கு ஒருநாள் பஸ் ஏறுங்கள், அண்ணன் வருவதற்கு முன், தனியாக. தங்கச்சியிடம் சட்டம் பேசாதீர்கள், கொப்பியையும் காட்டாதீர்கள். அப்பாவின் அறைத் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள். போன ஆகஸ்டில் மூன்றாம் நாள் தண்ணீர் முடிந்தபோது நீங்கள் பின்வாசல்படியில் உட்கார்ந்து அழுததாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தங்கச்சிக்கு அது தெரியாது. அதை அவருக்குச் சொல்லுங்கள்.